அமைச்சர் பதில் சொல்லிவிட்டார், குழாயில் தண்ணீர் எப்போது? (ராமநாதபுரம் கடற்கரை விவாத இழை)

தொண்டிக்கரையான்:
நாடாளுமன்ற இணையதளத்தில் கேள்வி பதில்களைத் தேடிப் படிக்கும் ஒரு வெட்டிப் பழக்கம் எனக்கு உண்டு. அமைச்சகம், உறுப்பினர், தேதி என்று எப்படி வேண்டுமானாலும் தேடலாம், பதில் பிடிஎஃப் கோப்பாக வந்துவிடும். சில நாட்களாக ஜல் ஜீவன் திட்டம் பற்றிய பதில்களை வரிசையாகப் படிக்கிறேன். அவற்றின் நடை மனப்பாடமாகிவிட்டது. முதலில், தண்ணீர் மாநிலப் பொருள் என்பார்கள். அடுத்து, 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட திட்டம், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பார்கள். கடைசியில் ஓர் அட்டவணை: எத்தனை வீடுகள், எத்தனை குழாய் இணைப்புகள்.

எங்கள் தெருவிலும் குழாய் இருக்கிறது. எந்தத் திட்டத்தில் யார் போட்டது என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. அந்தக் குழாயின் கழுத்தில் என் அத்தை ஈரத்துண்டைக் காயப்போடுகிறார். தண்ணீருக்கு இன்றும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. அட்டவணையும் பொய் சொல்லவில்லை, எங்கள் தெருவும் பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு கடற்கரையில் இருக்கும் நாம் என்னதான் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் பாலத்தடி:
ஒன்றும் செய்ய முடியாது அண்ணே. அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வி வரும், அதே பதில் வரும். தேதி மட்டும் மாறும்.

மண்டபம் டீச்சர்:
தம்பி சொல்வதில் பாதி உண்மை. ரயில்வே பதில்களைப் பாருங்கள். எந்த ஊருக்கு எந்த ரயில் நிற்க வேண்டும் என்று கேட்டாலும், நிறுத்தம் கொடுப்பது தொடர்ந்து நடைபெறும் ஒரு செயல்முறை, இயக்க வசதியையும் பயணிகள் எண்ணிக்கையையும் பொறுத்தது என்று வந்துவிடும். அசாமிலிருந்து கேட்டாலும் இதுதான், அரக்கோணத்திலிருந்து கேட்டாலும் இதுதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்த இரண்டேகால் ஆண்டும் தீவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தது "எப்போது" என்ற ஒரே கேள்வியைத்தான்.

பழைய கோப்பு:
மாவட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. டில்லியில் அமைச்சர் படிக்கும் பதில் எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு உங்கள் கோபம் யார் மேல் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

உறுப்பினர் கேள்வி அனுப்புகிறார். குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட கேள்வி அமைச்சகத்துக்குப் போகிறது. ஊர் விவரம் டில்லியில் இருக்காதல்லவா? அமைச்சகம் மாநிலத் துறையைக் கேட்கும். துறை மாவட்டத்தைக் கேட்கும். மாவட்டத்தில் அது ஒரு பிரிவு எழுத்தரின் மேசைக்கு வரும். மேலே சிவப்பு மையில் "நாடாளுமன்ற வினா, மிக அவசரம்" என்று எழுதியிருக்கும். கைக்கு வரும்போது பெரும்பாலும் மதியம் ஆகியிருக்கும், மாலைக்குள் பதில் போக வேண்டும். அந்த எழுத்தர் என்ன செய்வார்? கேள்வியில் அ, ஆ, இ என்று உட்பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படிப்பார். கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் எழுதுவார். இதில் சதி ஒன்றும் கிடையாது. அவருடைய பயிற்சியே அதுதான். கேட்காததை எழுதி மேலிடத்தில் விளக்கம் கேட்கப்பட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"எத்தனை வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கப்பட்டுள்ளது" என்று கேட்டால் பதிவேட்டைப் புரட்டி இணைப்பை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஐந்து நிமிட வேலை. "இணைப்பு உள்ள வீடுகளில் வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, கடைசியாக எப்போது அளந்து பார்த்தீர்கள், அளந்தவர் யார்" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அந்த விவரம் பதிவேட்டில் கிடையாது. ஒன்றியங்களுக்குத் தொலைபேசி பறக்கும். ஒன்று, யாராவது உண்மையிலேயே போய்ப் பார்ப்பார்கள். இல்லையென்றால், தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்று எழுதுவார்கள்.

தொண்டித் தம்பி, அமைச்சரின் பதிலில் குறை தேடுகிறீர்கள். குறை கேள்வியில் இருக்கிறது.

பாம்பன் பாலத்தடி:
ஆக, தண்ணீர் வராததற்கும் கேட்டவர்தான் காரணமா ஐயா? நல்ல நியாயம்.

பழைய கோப்பு:
தண்ணீர் வராததற்கு இல்லை. வரவில்லை என்பது காகிதத்தில் ஏறாததற்கு.

பாசிமிதவை:
ஐயா சொன்ன பிறகு எனக்கு ஒன்று புரிகிறது. நான் கடற்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். மத்திய மீன்வளத் திட்டத்தில் மூங்கில் மிதவைக்கு மானியம் உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம்தான் அது. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம். நாடாளுமன்றத்தில் கடற்பாசி பற்றிக் கேட்டால் இத்தனை மிதவைகளுக்கு ஒப்புதல், இத்தனை கோடி ஒதுக்கீடு என்றுதான் பதில் வருகிறது. ஒப்புதல் வேறு, மிதவை கடலில் மிதப்பது வேறு. நாற்பத்தைந்து நாளில் அறுவடைக்கு வரும் பயிர் இது. ஒரு மிதவை ஆண்டில் எத்தனை தடவை அறுவடை ஆனது, வெயில் ஏறி வெளுத்துப்போனது எத்தனை, விதைப்பாசி கிடைக்காமல் கயிறு சும்மா கிடந்த மாதங்கள் எத்தனை என்று ஒருவர் கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை.

திருவாடானைப் பக்கம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது, 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதைப் பற்றிக் கேட்பவர்களும் எத்தனை கோடி என்றுதான் கேட்கிறார்கள். அங்கே விதைப்பாசி எப்போதிலிருந்து எங்களுக்குக் கிடைக்கும் என்று கேட்டால் எங்களுக்கு உதவும். கோடியை வைத்துக்கொண்டு நான் என்ன கணக்கு எழுத?

ராம்நாட்டான், சென்னை:
கேள்வி நேரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1957-இல் எல்.ஐ.சி. ஒரு தனியாருடைய நிறுவனங்களில் முதலீடு செய்தது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. ஃபெரோஸ் காந்தி அதை விடாமல் துருவினார். விசாரணை வந்தது. 1958-இல் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். கேட்டவரும் ஆளுங்கட்சி, விலகியவரும் ஆளுங்கட்சி.

பாம்பன் பாலத்தடி:
அது 1957. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காகப் பதினோரு உறுப்பினர்களை வெளியேற்றினார்களே, அதையும் சொல்லுங்கள் சென்னை அண்ணே.

ராம்நாட்டான், சென்னை:
விலை இல்லாத பொருளுக்கு யாரும் லஞ்சம் கொடுக்க மாட்டார்கள், தம்பி. அதுவே சாட்சி.

நெறியாளர்:
கட்சிப் பேச்சுக்குள் போகாதவரை இழை திறந்திருக்கும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கீழக்கரை வக்கீல்:
பழைய கோப்பு ஐயா "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்ற வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். அங்கிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நமக்குப் பிடி கிடைப்பது அங்கேதான்.

அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்" என்பது போலச் சொன்னால் அது வாய்ப்பேச்சோடு போகாது. அதை உறுதிமொழி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அரசின் உறுதிமொழிகளுக்கென்றே இரு அவைகளிலும் தனித்தனிக் குழு உண்டு. மக்களவையில் 1953 முதல், மாநிலங்களவையில் 1972 முதல். கொடுத்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் காலநீட்டிப்பு கேட்க வேண்டும், அல்லது கைவிட அனுமதி கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிடப்பது கணக்கில் கிடக்கிறது. அதனால்தான் அமைச்சகங்கள் அந்த மாதிரி வாக்கியங்களை இப்போது அளந்து எழுதுகின்றன. "அப்படி எந்தக் கருத்துருவும் இல்லை" என்று சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. "கேள்வியே எழவில்லை" என்றால் இன்னும் வசதி.

இரண்டாவது, பதிலில் சொன்னது தவறு என்று ஆதாரம் இருந்தால், ஓர் உறுப்பினர் அதை மக்களவைத் தலைவருக்கு எழுதிச் சுட்டிக்காட்டலாம். தலைவரின் வழிகாட்டு நெறிகளில் 115-ஆவது இதற்காகவே இருக்கிறது. தொண்டித் தம்பியின் அத்தை துண்டு காயப்போடும் படம் இங்கே பயன்படாது. நீங்களே சொன்னீர்கள், அட்டவணை பொய் சொல்லவில்லை என்று. குழாய் இருக்கிறது, இருக்கிறது என்று சொன்னார்கள்.

மூன்றாவதுதான் கைக்கு எட்டுகிற வழி. டில்லிக்குப் போன பதில் நம் மாவட்டத்திலிருந்து போன அறிக்கைதான் என்று ஐயா சொன்னார். அந்த அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் வர வேண்டும். இன்ன தேதியில், இன்ன எண் கொண்ட கேள்விக்கு, இந்த மாவட்டத்திலிருந்து அனுப்பிய அறிக்கை, அதற்கு அடிப்படையான பதிவேட்டுப் பக்கங்கள் என்று எழுதுங்கள். "தண்ணீர் ஏன் வரவில்லை" என்று எழுதாதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் தர அந்தச் சட்டத்தில் அவர்களுக்குக் கடமை இல்லை.

தொண்டிக்கரையான்:
வக்கீல் பாய், இதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன். நன்றி. ஒரு சந்தேகம். நம் தொகுதி உறுப்பினர்தான் கேட்க வேண்டுமா?

கீழக்கரை வக்கீல்:
வேண்டியதில்லை. எந்த உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். நம் தொகுதி அறந்தாங்கியிலிருந்து திருச்சுழி வரை போகிறது. ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய கேள்விகளுக்கும் உச்சவரம்பு உண்டு. மாநிலங்களவை உறுப்பினர்களை நாம் யாருமே நாடுவதில்லை. அங்கே ஒரு நாளைக்கு 15 நட்சத்திரக் கேள்விகள் (வாய்மொழிப் பதிலுக்கானவை), எழுத்துமூலம் 160 வரை. மக்களவையில் 20, 230. யாருடைய கேள்வி எத்தனையாவது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது.

மண்டபம் டீச்சர்:
நட்சத்திரக் கேள்வியில்தான் சுவை. உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி கேட்கலாம், அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த பதிலில் ஒளிந்துகொள்ள முடியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். இருபது இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் நான்கைந்துக்குத்தான் வாய்மொழிப் பதில் கிடைக்கிறது. அமளி என்றால் அதுவும் இல்லை. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப் பதில் மட்டும் தொடர்ந்தது.

பாம்பன் பாலத்தடி:
தண்ணீரும் ரயிலும் பேசிவிட்டீர்கள். கடலைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மாமாவின் படகு அக்கரையில், இலங்கையில் கிடக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடித்தார்கள். ஆட்களை விட்டுவிட்டார்கள், படகை விடவில்லை. அவையில் மீனவர் கைது பற்றிக் கேட்கும்போதெல்லாம் வருகிற பதில் எனக்குப் பாராமல் ஒப்பிக்க வரும். மீனவர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது, தகவல் கிடைத்த உடனே தூதரக வழியில் எடுத்துச் செல்லப்படுகிறது, 2016-இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு பேசுகிறது. சரி. மாமாவின் படகு உப்புத்தண்ணீரில் பலகை பலகையாகக் கழன்றுகொண்டிருக்கிறது. இதற்கு என்ன உட்பிரிவு போடுவீர்கள் ஐயா?

மண்டபம் டீச்சர்:
2025 மார்ச் 27 மாநிலங்களவைக் கேள்வி நேரத்தைத் தேடிப் பார், தம்பி. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நேரில் பதில் சொன்னார். முந்தைய நாள் வரை இலங்கைக் காவலில் 86 பேர், அன்றைக்கே ஒரு படகோடு 11 பேர் பிடிபட்டிருக்கிறார்கள், ஆக 97 என்றார். 83 பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள், மூவர் விசாரணைக்குக் காத்திருக்கிறார்கள் என்று பிரித்தும் சொன்னார். சிக்கல் 1974-இல் கடல் எல்லை வகுத்ததிலிருந்தும் 1976 கடிதப் பரிமாற்றத்திலிருந்தும் வருகிறது என்றார். இலங்கை தன் சட்டங்களை 2018-லும் 2023-லும் கடுமையாக்கியது, பிடிபட்டவர்களில் பலர் படகு உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் அல்லது இரண்டாம் முறை பிடிபட்டவர்கள், அதனால் விடுவிப்பது சிக்கலாகிறது என்பதும் அன்று வெளிவந்தது. நீ ஒப்பிக்கும் எழுத்துப் பதிலில் இத்தனை இருந்ததா?

பாம்பன் பாலத்தடி:
இல்லை டீச்சர். இரண்டாம் முறை பிடிபட்டவர்களுக்கு வேறு கணக்கு என்பது எங்கள் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை அமைச்சர் வாயிலிருந்து கேட்பது வேறு. ஆனால் படகு?

பழைய கோப்பு:
படகைப் பற்றிக் கேட்கிறவர்கள் "எத்தனை படகுகள் காவலில் உள்ளன" என்று மட்டும் கேட்கிறார்கள். ஓர் எண் வந்துவிடும். நீ உட்பிரிவைப் பிரித்துக் கேள். நீதிமன்றம் விடுவித்தவை எத்தனை, அவற்றில் உண்மையில் ஊர் திரும்பியவை எத்தனை, அரசுடைமை ஆக்கியவை எத்தனை, மூழ்கியோ உடைந்தோ போனவை எத்தனை. விடுவித்ததற்கும் திரும்பியதற்கும் இடையில் எத்தனை படகு விழுந்து கிடக்கிறது என்பது அப்போது தெரியும்.

ராம்நாட்டான், சென்னை:
கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். எல்லை தாண்டாமல் இருந்தால் இந்தக் கேள்வியே எழாதே? இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையைப் பற்றியும் ஒருவர் கேட்க வேண்டாமா?

பாம்பன் பாலத்தடி:
சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது அண்ணே. தனுஷ்கோடியில் நின்று பாருங்கள். அரிச்சல்முனையிலிருந்து பன்னிரண்டு மைல் போவதற்கு முன்பே எல்லைக்கோடு வந்துவிடும். மீன் அந்தப் பக்கம் இருக்கிறது.

பாசிமிதவை:
மன்னிக்கவும் தம்பி, சென்னைக்காரர் கேட்டதில் நியாயம் உண்டு. என் அப்பா நாட்டுப்படகுக்காரர். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் அவர் வலை விடுவதில்லை, வலை போய்விடும் என்று பயம். அக்கரையில் இருக்கும் தமிழ் மீனவர்களும் தங்கள் வலை அறுபடுகிறது என்றுதான் சொல்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடை செய்தது அவர்கள் கேட்டதால்தான். இந்த இழையில் அரசாங்கத்தை மட்டும்தான் கேள்வி கேட்பது என்றால் சொல்லிவிடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன்.

பாம்பன் பாலத்தடி:
விலக வேண்டாம் அக்கா. என் மாமாவின் படகும் நாட்டுப்படகுதான். அதையும் சேர்த்துத்தான் பிடித்தார்கள்.

பாசிமிதவை:
அப்படியென்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நாட்டுப்படகு, விசைப்படகு என்று பிரித்துக் கணக்குக் கொடுங்கள் என்று. மொத்தமாக ஓர் எண் சொன்னால் இரண்டும் கலந்துவிடுகிறது, பழி முழுவதும் ஒரு பக்கம் போய்விடுகிறது. 2017-இல் பாக் நீரிணை இழுவைப்படகுகளை மாற்றி ஆழ்கடல் சூரைமீன் படகு கொடுக்கும் திட்டம் வந்ததே, ஒரு படகு 80 லட்சம், 70 சதவீதம் மானியம் என்று. எத்தனை பேர் மாறினார்கள், மாறியவர்களில் எத்தனை பேர் கடனைக் கட்ட முடிகிறது, கொச்சிப் பக்கமே தங்கிவிட்டவர்கள் எத்தனை பேர்? அதைக் கேட்டால் எல்லை தாண்டுவது ஏன் நிற்கவில்லை என்பதற்கும் பாதிப் பதில் கிடைக்கும்.

மண்டபம் டீச்சர்:
இங்கே ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில். பக்கத்து நாட்டோடு பேசுவது மத்திய அரசு மட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்கே இரண்டு ஆணைகள், பன்னிரண்டு மைலுக்குள் மாநிலம், அப்பால் மத்திய அரசு. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தது இதே மண்டபத்தில், 2023 ஆகஸ்டில். அது மாநிலக் கணக்கு. ஆகவே எந்தக் கேள்வியை எந்த அவைக்கு அனுப்புவது என்று பிரிக்காவிட்டால் "மாநில அரசின் பொறுப்பு" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளதைக் கேட்டால் ஏற்றுக்கொள்ளாமலே தள்ளவும் விதி இருக்கிறது.

தொண்டிக்கரையான்:
அப்படியென்றால் என் தண்ணீர்க் கேள்வி சட்டமன்றத்துக்கா?

பழைய கோப்பு:
இரண்டுக்கும். திட்டத்துக்கு மத்தியப் பணம் வருவதால் பணம் பற்றி டில்லியில், விநியோகம் பற்றிச் சென்னையில். சட்டமன்றத்தில் ஒரு வசதி. கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது, பதில் தமிழில் இருக்கிறது, உங்கள் அத்தையே கேட்கலாம். டில்லிப் பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கும். அதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினாலே ஓர் அசைவு இருக்கும். நான் வேலையில் இருந்த காலத்தில் நாங்கள் அஞ்சியது, அனுப்பிய எண்ணை அந்த ஊர்க்காரரே படித்துவிடுவாரோ என்றுதான். யாரும் படிக்கவில்லை.

ராம்நாட்டான், சென்னை:
இதே மாவட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல். 2022-இல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். எய்ம்ஸ் பற்றி அவையில் எத்தனை கேள்வி வந்தாலும் கேட்பவர்கள் மதுரையைத்தான் கேட்கிறார்கள். வாடகை வீடு கொடுத்த நம்மை யாரும் கேட்பதில்லை.

மண்டபம் டீச்சர்:
அது தனி இழை, தம்பி. இதில் கலக்காதீர்கள்.

கீழக்கரை வக்கீல்:
பேசியது போதும், எழுதுவோம். விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மக்களவைக்கு என்றால் கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது, மாநிலங்களவைக்கு 100. வாதம், பழி, கிண்டல், ஊகம் எதுவும் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம் கூடாது. ஒரு கேள்வி ஓர் அமைச்சருக்குத்தான். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்தில் ஒரு நாள் ஒரு குழு என்று வைத்திருக்கிறார்கள், அந்த நாள் பார்த்துத்தான் அனுப்ப முடியும். உறுப்பினரின் அலுவலகத்துக்கு நாம் தயார் செய்த வரைவோடு போனால் அவர்களுக்கும் வேலை மிச்சம். "ஐயா, எங்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று போகிறவர்கள் நூறு பேர். வரைவோடு போகிறவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

பாசிமிதவை:
எழுதிப் பார்த்தேன். வெளியுறவு அமைச்சருக்கு.

(அ) தமிழ்நாட்டைச் சேர்ந்த எத்தனை மீன்பிடிப் படகுகள் தற்போது இலங்கையின் காவலில் உள்ளன, விசைப்படகு, நாட்டுப்படகு எனத் தனித்தனியாக, மாவட்டவாரியாக;

(ஆ) கடந்த ஐந்து ஆண்டுகளில் இலங்கை நீதிமன்றங்கள் விடுவித்த படகுகள் எத்தனை, அவற்றில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை எத்தனை;

(இ) அரசுடைமை ஆக்கப்பட்டவை, மூழ்கியவை, பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளவை எத்தனை;

(ஈ) உரிமை கோரி அந்நாட்டு நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டிய படகு உரிமையாளர்களுக்குத் தூதரகம் செய்யும் உதவிகள் யாவை, மற்றும்

(உ) விடுவிக்கப்பட்ட படகுகளை மீட்டுவர ஆகும் செலவை ஏற்பது யார்?

பழைய கோப்பு:
(இ)-யில் "பயன்படுத்த முடியாத நிலை" என்பதை யார் தீர்மானிப்பது என்று எழுத்தர் தப்பித்துவிடுவார். "நேரில் ஆய்வு செய்யப்பட்டவை எத்தனை, ஆய்வு நடந்த தேதி" என்று சேருங்கள். தேதி கேட்டால் யாரும் மழுப்ப முடியாது.

கீழக்கரை வக்கீல்:
(ஈ) நன்றாக இருக்கிறது. மற்றவை எல்லாம் எண்ணைக் கேட்கின்றன, இது ஒன்றுதான் கடமையைக் கேட்கிறது. "உதவி ஏதும் இல்லை" என்று எழுத அமைச்சகத்துக்கு மனம் வராது. பரிசீலிக்கப்படும் என்று எழுதினால் மூன்று மாதக் கணக்கு ஓடத் தொடங்கும்.

தொண்டிக்கரையான்:
தண்ணீருக்கும் இதே மாதிரி ஒன்றை நான் எழுதிப் போடுகிறேன். இணைப்பு எண்ணிக்கையைக் கேட்கவே போவதில்லை. தண்ணீர் வந்த நாட்களை மட்டும், ஊராட்சிவாரியாக.

பழைய கோப்பு:
அளந்த அளவையும் கேளுங்கள். 55 லிட்டர் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணை விடாதீர்கள்.

பாம்பன் பாலத்தடி:
எனக்கு இன்னும் பெரிய நம்பிக்கை வரவில்லை. ஆனால் சங்கத்துக் கூட்டம் வருகிறது, அக்காவின் வரைவை அங்கே வாசிக்கிறேன். விசைப்படகுக்காரர்கள் (அ)-வைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்கள், தனித்தனியாக எதற்குக் கேட்கிறீர்கள் என்று. வரட்டும். யாராவது அந்த ஐந்து குழுவில் வெளியுறவுக்கு எந்தக் கிழமை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மண்டபம் டீச்சர்:
கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் அட்டவணை வெளியிடுவார்கள். வந்ததும் இங்கேயே போடுகிறேன். ஐயா சொன்ன ஆய்வுத் தேதியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், மாநிலங்களவையின் 100 சொல்லுக்குள்தான் நிற்கிறது. இரண்டு அவைக்கும் அனுப்பலாம்.